அம்பேத்கர் படத்தைக் கழற்றினால் விலை கூடுமா? பழைய தெருக்களின் வீட்டுச் சந்தையும் சட்டத்தின் மௌனமும்

சில மாதங்களுக்கு முன் வட தமிழகத்தின் கோயில் நகரம் ஒன்றிலிருந்து ஒரு தம்பதியினர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தனர். கணவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மனைவி பள்ளி ஆசிரியை. முப்பது ஆண்டுகளுக்கு முன், மாட வீதியை ஒட்டிய பழைய தெருவில் திண்ணையும் முற்றமும் தேக்கு உத்தரமும் கொண்ட ஓட்டு வீடு ஒன்றை அவர்கள் வாங்கியிருந்தனர். அத்தெருவில் தலித் குடும்பம் வாங்கிய முதல் வீடு அது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். வாங்குபவர் யாரென்று அவருடைய அதிகார முகவர் விசாரிக்கவில்லை. அதனால் மட்டுமே அது சாத்தியமாயிற்று. இப்போது மகள் பணிபுரியும் நகரில் குடியேற விரும்பி, அவ்வீட்டை விற்க முடிவு செய்திருந்தனர்.

தரகர் அவர்களுக்கு மூன்று அறிவுரைகள் கூறியிருந்தார். முதலாவது, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். கூடத்தில் இருக்கும் அம்பேத்கர் படத்தையும் குடும்பப் படங்களையும் கழற்றிவிட்டு ஒரு சுவாமி படத்தை மாட்ட வேண்டும். வாங்குவோர் பார்க்க வரும்போது இவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டாவது, அதே தெருவில் அதே அளவுள்ள வீடு சென்ற ஆண்டு என்ன விலைக்குப் போயிற்றோ அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே கேட்க வேண்டும். இவ்வீடு யார் கையில் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். மூன்றாவது, விளம்பரத்தில் ‘பாரம்பரியமான தெரு, சைவம் மட்டும்’ என்று போட வேண்டும். அப்போதுதான் நல்ல விலை கொடுப்பவர்கள் வருவார்கள்.

மூன்றாவது அறிவுரையை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். தம் வீட்டுக்கு உரிய விலை கிடைக்க வேண்டுமானால், தம்மைப் போன்றவர்கள் வர வேண்டாம் என்று அத்தம்பதியினர் தாமே விளம்பரம் செய்தாக வேண்டும்.

வழக்குப் போடலாமா என்று அவர்கள் கேட்கவில்லை. “இந்த மூன்றில் எது சட்டப்படி தவறு?” என்று மட்டுமே அந்த அம்மையார் கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் நேர்மையான விடை எளிதாக இல்லை. ஆயத்தம், விலை, விளம்பரம் என்பவை எந்த வீட்டை விற்பதற்கும் உரிய மூன்று படிகள். அந்த ஒவ்வொரு படியிலும் சாதி வேலை செய்கிறது. ஒவ்வொரு படியிலும் நம் சட்டம் ஏதோ ஓர் அளவில் வாய்மூடி நிற்கிறது. இக்கட்டுரை அந்த அம்மையாரின் கேள்விக்கு விரிவான விடை.

ஆயத்தம்: மறைக்கப்பட வேண்டிய முகம்

விற்பனைக்கு முன் சுவரில் உள்ள படங்களைக் கழற்றும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அது நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது நம் நிலையை விளங்கிக்கொள்ள உதவும்.

பால்டிமோரின் வடபகுதியில் ஹோம்லேண்ட் என்னும் குடியிருப்பு உள்ளது. குளங்களும் மரங்களும் கல் வீடுகளுமாக 1924 முதல் ரோலண்ட் பார்க் நிறுவனம் உருவாக்கிய பகுதி அது. இன்று தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது. அங்கே வீடு வைத்திருந்த கறுப்பினத் தம்பதியினர் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்கள். அவர்களுள் ஒருவர் நிலமும் இனமும் குறித்தே ஆய்வு செய்யும் வரலாற்றாசிரியர். 2021ஆம் ஆண்டு, வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தபோது, மதிப்பீட்டாளர் அவர்களது வீட்டை 4,72,000 டாலர் என்று மதிப்பிட்டார். கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பின்னர் அவர்கள் குடும்பப் படங்களை அகற்றினர். வெள்ளையினச் சகா ஒருவர் வீட்டில் இருந்து மதிப்பீட்டாளரை வரவேற்றார். வேறொரு மதிப்பீட்டாளர் அதே வீட்டுக்கு இட்ட மதிப்பு 7,50,000 டாலர். சுவரும் கூரையும் மாறவில்லை. கதவைத் திறந்த முகம் மாறியிருந்தது.

2022இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். மதிப்பீட்டாளர் குற்றச்சாட்டை மறுத்தார். கடன் நிறுவனத்துடனான வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது. நமக்கு முக்கியமானது, அவர்கள் வழக்குத் தொடுக்க அங்கே ஒரு சட்டம் இருந்தது என்பதே.

அச்சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1910இல் பால்டிமோரில் ஆஷ்பி ஹாக்கின்ஸ் என்னும் கறுப்பின வழக்கறிஞர் மெக்கல்லோ தெருவில் ஒரு வீட்டை வாங்க, அவருடன் தொழில் புரிந்த வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்மெச்சன் அதில் குடியேறினார். அத்தெரு அதுவரை வெள்ளையர் தெரு. அவ்வாண்டு முடிவதற்குள் மாநகர மன்றம் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் குடியிருப்புத் தொகுதிகளைத் தனித்தனியே பிரிக்கும் சட்டத்தை இயற்றியது. அமெரிக்க நகரங்களில் அவ்வகைச் சட்டம் அதுவே முதலாவது. லூயிவில் நகரின் இதே போன்ற சட்டத்தை 1917இல் புக்கனன் எதிர் வார்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்கு அந்நீதிமன்றம் கூறிய முதன்மையான காரணம் சமத்துவம் இல்லை. தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்பதே.

அதே 1917இல்தான் கொலம்பியாவில் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பரோடாவில் தங்க இடமின்றி அலைந்தார். பார்சி விடுதி ஒன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். அது தெரிந்தபோது தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. கூரைக்காக அடையாளத்தை மறைக்கும் வழக்கம் நம் வரலாற்றில் அவ்வளவு பழையது, அவ்வளவு அண்மையது.

நகரச் சட்டம் வீழ்ந்ததும் பிரிவினை தனியார் பத்திரங்களுக்குள் புகுந்தது. ரோலண்ட் பார்க் நிறுவனத்தின் பத்திரங்களில், வீட்டு வேலையாட்களைத் தவிர வேறு எந்தக் கறுப்பரும் குடியிருக்கக் கூடாது என்னும் நிபந்தனை எழுதப்பட்டது. இன்று ‘வரலாற்றுச் சிறப்பு’ என்று போற்றப்படும் அமைதியும் ஒழுங்கும் அந்நிபந்தனையின் காவலில் வளர்ந்தவை. 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

நம் பழைய தெருக்களின் பாரம்பரியமும் இவ்வாறே உருவானது. அக்கிரகாரங்கள் அரசர்களின் கொடையாகப் பிறந்தவை. இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட இடங்களைப் பட்டியலிடும்போது, ஊர் நத்தம் ஒருபுறமும் பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவை மறுபுறமுமாகக் குறிக்கின்றன. யார் எங்கே குடியிருப்பது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரசு ஆவணம் பதிவு செய்தது. அமெரிக்கரைப் போலப் பத்திரத்தில் நிபந்தனை எழுத வேண்டிய தேவை இங்கே எழவில்லை. ஊரே பத்திரமாக இருந்தது. பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டும் எந்த வழக்கறிஞரும் இதை அறிவார். விற்பவர், வாங்குபவர் பெயர்களோடு சாதியும் எழுதப்பட்டிருக்கும். நான்கெல்லை கூறும்போது ‘சேரிக்கு வடக்கு’ என்று வரும்.

ஆகவே, முதல் அறிவுரை சட்டப்படி தவறா? தன் வீட்டுச் சுவரில் எந்தப் படத்தை மாட்டுவது என்பது உரிமையாளரின் விருப்பம். கழற்றச் சொன்ன தரகர் மீது எளிதில் குற்றம் சாட்ட முடியாது. படத்தைப் பார்த்ததும் விலையைக் குறைக்கும் சந்தையில்தான் குற்றம் இருக்கிறது. அச்சந்தையை விசாரிக்க நம்மிடம் சட்டம் இல்லை.

விலை: தெருவுக்குத் தெரு எழுதப்பட்ட எண்

வீட்டின் விலை மனையின் அளவு, கட்டடத்தின் வயது, சாலை அகலம் ஆகியவற்றால் முடிவாகிறது என்பது பாடநூல் கூற்று. அண்டை வீட்டார் யார் என்பதும் விலையில் அடங்கும் என்பதை எல்லாத் தரகர்களும் அறிவர். அமெரிக்காவில் இதை அரசே எழுதி வைத்தது. 1930களில் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் நகரங்களை வரைபடத்தில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்காகப் பிரித்தது. கறுப்பர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு. கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகத்தின் 1938ஆம் ஆண்டுக் கையேடு, இன நிபந்தனைகளைப் பத்திரத்தில் எழுதுவதையே பரிந்துரைத்தது. இவ்வாறு, கறுப்பர் வந்தால் விலை குறையும் என்ற தப்பெண்ணம், கறுப்பர் வாழும் இடத்துக்குக் கடன் இல்லை என்ற அரசு விதியாகி, அவ்விதியால் விலை உண்மையிலேயே குறைந்தது.

நம்மிடம் வண்ண வரைபடம் இல்லை. வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவுத்துறை ஒவ்வொரு தெருவுக்கும், தெருவில்லாத இடங்களில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், நிலத்தின் மதிப்பை நிர்ணயித்து வெளியிடுகிறது. முத்திரைத் தீர்வைக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. 2017 சூனில் மாநிலம் முழுவதும் இம்மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டதும், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அவ்விவாதங்களில் கட்டுமான நிறுவனங்களின் குரல் கேட்டது. வீடு வாங்குவோரின் குரல் கேட்டது. இந்த எண்கள் முதலில் எவ்வாறு தோன்றின என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

கடந்தகால விற்பனைகளைக் கொண்டே இம்மதிப்பு நிர்ணயிக்கப்படுகிறது. சேரிகளும் காலனிகளும் ஏரிக்கரையிலும் தாழ்நிலத்திலும் சுடுகாட்டை ஒட்டியும் ஒதுக்கப்பட்டவை. அங்கே நிலம் வாங்கச் சாதி இந்துக்கள் வருவதில்லை, அதனால் போட்டியில்லை, விலை உயர்வதில்லை. நிபந்தனைப் பட்டா என்றால் வங்கிக் கடனும் எளிதில் கிட்டாது. அந்தக் குறைந்த விலை பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேட்டில் ஏறிய எண், அடுத்த விற்பனைக்கு அளவுகோலாகிறது. ஒரே சாலையின் இருபுறமும் உள்ள இரு தெருக்களுக்கு இருவேறு மதிப்பு இருப்பதை உங்கள் ஊரின் பட்டியலைப் பார்த்து நீங்களே சோதிக்கலாம். அவ்வேறுபாட்டில் வடிகாலும் சாலையும் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கடமை இன்று எந்த அதிகாரிக்கும் இல்லை.

மதிப்பு குறைவாக இருந்தால் முத்திரைத் தீர்வை மிச்சம்தானே என்று சிலர் கேட்கலாம். வாங்குபவருக்கு அது மிச்சம். நிலத்தை இழப்பவருக்கோ அது பேரிழப்பு. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், 26ஆம் பிரிவின்படி, இழப்பீட்டைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அடிப்படைகளுள் முத்திரைச் சட்டத்தின்படியான நில மதிப்பும் ஒன்று. சாலை விரிவாக்கம் வந்தால் மாட வீதியில் ஒரு விலை, காலனியில் ஒரு விலை. தலைமுறைகளாகச் சேர்த்த ஒரே சொத்து வீடுதான் என்னும் குடும்பங்களுக்கு, மகளின் படிப்புக்குக் கிடைக்கும் கடன் முதல் முதுமைக்கால மருத்துவம் வரை எல்லாமே இந்த எண்ணில் தொங்குகின்றன.

‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் தெருவின் பெயர் மாறிய பின்னும் பதிவுத்துறைப் பட்டியலில் பழைய எண் அப்படியே நின்றால், பெயர்ப்பலகை மட்டுமே மாறியிருக்கும்.

எங்கள் கட்சிக்காரர்களின் சிக்கல் இதன் மறுபக்கம். அவர்களது தெருவின் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது. அதே தெரு, அதே மதிப்பு. ஆயினும் தலித் கையில் இருந்த வீடு என்பதால் சந்தை ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. வாங்குபவர் குறைத்துக் கேட்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. பேரம் பேசுவது குற்றமாகாது. இரண்டாவது அறிவுரைக்கு நான் கூற முடிந்த விடை இவ்வளவே.

விளம்பரம்: ‘சைவம் மட்டும்’

மூன்றாவது படியில்தான் சாதி வாய்திறந்து பேசுகிறது. எழுத்தில் வருகிறது, சான்றாகிறது. அதனால் சட்டம் கைவைக்கக்கூடிய இடமும் இதுவே.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்காவில் நியாய வீட்டுவசதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தரகர் இன்றித் தம் சொந்த வீட்டை விற்கும் தனிநபருக்கு அச்சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு இல்லை. இனம், மதம் முதலியவற்றின் அடிப்படையில் விருப்பு வெறுப்பைக் காட்டும் எந்த அறிவிப்பையும் வெளியிடக் கூடாது என்பது அனைவருக்கும் பொது. வெளியிடும் ஊடகமும் பொறுப்பேற்க வேண்டும். ஒரு விளம்பரம் ஒருவரை மட்டும் விலக்குவதில்லை. அதை வாசிக்கும் ஆயிரம் பேருக்கும் அவரவர் இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது என்பதே இதன் தருக்கம்.

நம் நாளிதழ்களிலும் வீட்டுத் தரகு இணையதளங்களிலும் ‘பிராமணர்களுக்கு மட்டும்’ என்ற வரி முற்றிலும் மறைந்துவிடவில்லை. அதனினும் பரவலானது ‘சைவம் மட்டும்’. வாடகை வீடாயின், சமையலறையைப் பகிர்வதைக் காரணம் காட்டலாம். விற்றுவிட்டுப் போகும் வீட்டில் வாங்குபவர் என்ன சமைத்தால் விற்பவருக்கு என்ன? சொத்து கைமாறிய பின்னும் தொடரும் அந்த அக்கறை, தெருவின் தூய்மையைப் பற்றிய அக்கறை. அசைவம் உண்ணும் சாதி இந்துவுக்கும் கதவு மூடப்படுகிறது என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உண்டு. தூய்மை, தீட்டு என்னும் கருத்தே சாதிப் படிநிலையின் அச்சு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இது வெறும் மனக்குறை இல்லை என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் தில்லியிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் வாடகை வீட்டுச் சந்தையைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, பெயரால் தலித் என்றோ முஸ்லிம் என்றோ அறியப்பட்டவர்கள் உயர்சாதிப் பெயர் கொண்டோரைவிடக் கூடுதலாக மறுக்கப்பட்டதைக் காட்டியது.

2016ஆம் ஆண்டின் கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டத்தில் இதற்கு வழியில்லையா? அச்சட்டத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு எதுவும் இல்லை. மேலும், அது பதிவு செய்யப்படும் புதிய திட்டங்களையும் அவற்றை விற்கும் முகவர்களையும் சார்ந்தது. பழைய தெருவின் பழைய வீட்டை விற்கும் தரகர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

சட்டம் நிற்கும் இடம்

வீட்டு விற்பனையில் பாகுபாடு என்றதும் நம் நீதிமன்றங்களில் முதலில் எடுத்துக்காட்டப்படுவது 2005ஆம் ஆண்டின் ஜொராஸ்ட்ரிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கு. அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்னும் துணைவிதி கொண்ட சங்கத்தில், உறுப்பினர் ஒருவர் பார்சி அல்லாதவர்களுக்கு விற்க முயன்றார். துணைவிதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். சங்கம் அமைக்கும் உரிமையை அது முன்வைத்தது. பொதுக்கொள்கை என்பதை அரசமைப்புச் சட்டத்தின் பொதுவான விழுமியங்களில் தேடாமல், கூட்டுறவுச் சட்டத்தின் விதிகளுக்குள்ளேயே தேட வேண்டும் என்றது. அவ்வழக்கு ஒரு சிறுபான்மைச் சமூகத்தைப் பற்றியது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பு அதன் மையமாக இல்லை. ஆயினும், ‘தனியார் சொத்து, தனியார் விருப்பம்’ என்று சொல்ல விரும்பும் எல்லோருக்கும் அது கேடயமாகிவிட்டது.

இதற்கு நேரெதிரான தீர்ப்பு ஒன்றை நம் மாணவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். 1968 சூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய ஜோன்ஸ் எதிர் ஆல்ஃபிரட் மேயர் நிறுவனம் வழக்கின் தீர்ப்பு அது. கறுப்பர் என்பதால் தனியார் நிறுவனம் வீடு விற்க மறுத்தது. அரசுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. நீதிமன்றம் அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்தை எடுத்துக்கொண்டது. அத்திருத்தம் அரசை மட்டும் கட்டுப்படுத்துவதன்று, தனிநபர்களையும் கட்டுப்படுத்துவது. நிறத்தைப் பார்த்து வீடு விற்க மறுப்பது அடிமைமுறையின் எச்சம். அதைத் துடைத்தெறிய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் அதைத்தான் செய்தது என்று தீர்ப்பளித்தது. கறுப்பர் கையிலுள்ள டாலரும் வெள்ளையர் கையிலுள்ள டாலரும் ஒரே பொருளை வாங்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம் 13ஆம் திருத்தம் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு. அதுவும் தனிநபர்களைக் கட்டுப்படுத்துவது. அதை நிறைவேற்ற இயற்றப்பட்டது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 4ஆம் பிரிவின் எட்டாம் உட்கூறு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வளாகத்தைக் கட்டுவதிலோ, வாங்குவதிலோ, அதில் குடியிருப்பதிலோ தீண்டாமையின் அடிப்படையில் தடை ஏற்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. பாகுபாடு காட்டுவதும் தடை ஏற்படுத்துவதில் அடங்கும் என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் விளக்கம் சேர்த்தது. அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, சொல்லாலோ எழுத்தாலோ தீண்டாமையைக் கடைப்பிடிக்கத் தூண்டுவதைத் தண்டிக்கிறது. 12ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அவ்வாறில்லை என்று காட்டும் சுமை எதிரியுடையது.

அதாவது, வீடு வாங்கும் உரிமையைப் பாதுகாக்கும் சட்டம் அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. அது ஏன் பயன்படவில்லை? தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டவருக்கு வீடும் கிடைக்காது, இழப்பீடும் கிடைக்காது. காவல் நிலையத்தில் தொடங்க வேண்டிய குற்றவழக்கு மட்டுமே வழி. மறுப்பவரோ காரணம் சொல்வதில்லை. ‘வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்’ என்பதோடு முடிந்துவிடும். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கோயில், கடை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றில் நுழைவைத் தடுப்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வீடு வாங்குவதை அவ்வாறு குறிப்பிடவில்லை. பொருளாதாரப் புறக்கணிப்புக்கு அது தரும் விளக்கத்தில், கொடுக்கல் வாங்கலை மறுப்பதும் அடங்கும். தெருவே கூடி விற்கக் கூடாது என்று முடிவெடுத்தால், அப்பிரிவை எடுத்து வாதிட இடமுண்டு.

வாதத்துக்கு வேறு கதவுகளும் திறந்துள்ளன. கடைகளில் பாகுபாட்டைத் தடுக்கும் 15(2)ஆம் உறுப்பில் உள்ள ‘கடை’ என்னும் சொல், பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எவரையும் குறிக்கும் விரிந்த பொருளில் ஆளப்பட்டது என்று அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விரிந்த பொருளை ஏற்றது. 2018ஆம் ஆண்டின் சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், தூய்மை, தீட்டு என்னும் கருத்தின் பேரிலான விலக்கல் 17ஆம் உறுப்பின் வீச்சுக்குள் வரும் என்று எழுதினார்; அத்தீர்ப்பு மறுஆய்வுக்கு உள்ளாகியிருந்தாலும், அந்தச் சிந்தனை வலுவானது. சிறைக் கையேடுகளின் சாதிப் பாகுபாட்டை நீக்கிய 2024 அக்டோபர் தீர்ப்பு, நடுநிலையாகத் தோன்றும் விதியும் சாதியைச் சுமந்து வரக்கூடும் என்பதை ஏற்றது. ‘சைவம் மட்டும்’ என்னும் வரியை இவற்றின் வெளிச்சத்தில் வாசிக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஆகவே அம்மையாரின் கேள்விக்கு என் விடை: மூன்றில் சட்டத்துக்கு முரணாகக்கூடியது மூன்றாவது மட்டுமே. அந்த விளம்பரம் தங்கள் பெயரில் வெளிவந்தால், அதற்குப் பொறுப்பாளிகளும் தாங்களே. இதைக் கேட்டு அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்த வரியைப் போட மாட்டோம் என்றார். வீடு இன்னும் விற்கவில்லை.

கோர வேண்டியவை

சொத்து மாற்றம், பத்திரப் பதிவு, ஒப்பந்தம் ஆகியவை பொதுப்பட்டியலில் உள்ளவை. எனவே நியாய வீட்டுவசதிச் சட்டம் ஒன்றைத் தமிழ்நாடு சட்டமன்றமே இயற்றலாம். ஒன்றியச் சட்டத்துடன் முரண்பாடு எழுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். அச்சட்டத்தில் குறைந்தது ஐந்து கூறுகள் இருக்க வேண்டும்.

முதலாவது, விற்பனைக்கும் வாடகைக்குமான விளம்பரங்களில் சாதி, மதம், உணவு ஆகியவற்றைக் குறிப்பிடுவதற்குத் தடை. வெளியிடும் நாளிதழுக்கும் இணையதளத்துக்கும் அதில் பொறுப்பு. இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடும் தடையாணையும் பெறும் வழி. மூன்றாவது, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது போல, மறுப்புக்கு வேறு காரணம் இருந்ததைக் காட்டும் சுமை மறுத்தவர்மீது. நான்காவது, பழைய வீடுகளை விற்கும் தரகர்களுக்கும் பதிவு கட்டாயம். பாகுபாடு நிறுவப்பட்டால் பதிவு ரத்து. ஐந்தாவது, வழிகாட்டி மதிப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும், அடுத்தடுத்த தெருக்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம் எழுதி வெளியிடும் கடமை பதிவுத்துறைக்கு.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. ஒரே வருமானம், ஒரே குடும்ப அளவு என்று கூறி, பெயரால் சாதி வேறுபடும் இருவர் ஒரே விளம்பரத்துக்குத் தனித்தனியே தொலைபேசியில் பேசி, கிடைத்த விடைகளைப் பதிவு செய்யலாம். இத்தகைய சோதனையாளர்களுக்கும் வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் ஹேவன்ஸ் வழக்கில் ஏற்றது. நம்மிடம் அத்தீர்ப்பு இல்லாவிடினும், ஊர்தோறும் அத்தகைய பதிவுகள் திரண்டால் அவை ஆணையத்திலும் சட்டமன்றத்திலும் பேசும். விளம்பரங்களைத் திரைப்படம் எடுத்து, நாளும் இணைய முகவரியும் தெரியுமாறு பாதுகாத்து வையுங்கள். 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழோடு அவை நீதிமன்றத்தில் ஏற்கப்படும். வீடு மறுக்கப்பட்டவர் எவரேனும் உங்களிடம் வந்தால், 4ஆம் பிரிவின் எட்டாம் உட்கூற்றைக் குறிப்பிட்டே புகார் எழுதுங்கள். எழுபது ஆண்டுகளாக ஏட்டில் உறங்கும் அச்சட்டத்தை முதலில் காவல் நிலையங்கள் அறியட்டும்.

பழைய தெருக்களின் திண்ணைகளையும் தூண்களையும் காப்பாற்ற வேண்டும் என்போர் பலர் இருக்கின்றனர். நல்லது, காப்பாற்றட்டும். அத்திண்ணையில் யார் உட்காரலாம் என்ற கேள்வியையும் அவர்களிடம் நாம் கேட்டாக வேண்டும். அம்பேத்கர் படம் மாட்டிய கூடத்துக்கும் சுவாமி படம் மாட்டிய கூடத்துக்கும் சந்தையில் ஒரே விலை கிடைக்கும் நாளில்தான் 17ஆம் உறுப்பு அத்தெருவுக்குள் நுழைந்ததாகப் பொருள்.